கடல் எப்படி என்று கேட்காத கரை

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து கறுப்பாக, கைக்குள் அடங்கும் அளவில் ஒரு பொருளை எடுத்தார். அதிலிருந்து தொங்கிய வயரையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு, கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் என்ற கருவியின் காது அது என்று சொன்னேன். யாருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றார். கல்முனையில் ஒரு நண்பருக்கு என்றேன். அந்த நண்பரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவருடைய தகப்பனாருக்கு நான் செய்த துரோகம் அவருக்குத் தெரியவும் தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடியிலிருந்து ஒரு கடலாய்வுக் குழுவோடு இந்தக் கரைக்கு வந்தேன். கடலுக்கடியில் மீன் தங்கும் பாறைத்திட்டைப் பார் என்போம். இங்கேயும் அதே சொல்தான். ஆதம்பாவா என்ற மீனவர் என்னைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய், அவருக்கும் இந்தக் கரையின் சில பேருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு பாரைக் காட்டினார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அதை வரைபடத்தில் குறித்து அறிக்கையில் அச்சிட்டேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இரண்டு வருடத்தில் வெளியூர்ப் படகுகள் வந்து டைனமைட் போட்டு அந்தப் பாரை உடைத்தன என்று கேள்விப்பட்டேன். ஆதம்பாவாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. பிறகு இங்கே சண்டை மூண்டது. எழுதாமல் இருப்பதற்கு அது எனக்கு வசதியான காரணமாகிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு, கயாக் என்ற துடுப்புப் படகில் போய் மீன் பிடிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் கருவிகளைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்தேன். ஒருநாள் றியாஸ் என்பவர் ஒரு காணொளி போட்டார். கட்டாரில் பத்தொன்பது வருடம் வாகனம் ஓட்டிவிட்டுக் கல்முனைக்குத் திரும்பியவர். வீட்டுச் சாமான்களோடு இரண்டு பேர் அமரும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயாக் ஒன்றையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். அதில் பூட்டிய ஃபிஷ் ஃபைண்டர் ஆழத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பது அவர் முறைப்பாடு. பேச்சுவாக்கில், "எங்கட வாப்பா ஆதம்பாவா இரிக்கக்குள்ள இதெல்லாம் எங்க?" என்றார். நான் அதை நிறுத்தி மறுபடி கேட்டேன். நானே நேரில் வந்து பூட்டித் தருகிறேன் என்று அன்றைக்கே எழுதினேன்.

அம்பாறையிலிருந்து ஏறிய பஸ் இறக்காமத்துப் பக்கம் நின்றுவிட்டது. என்ஜின் பழுதென்று நினைத்தேன். முன்னால் பார்த்தால், சாலையை அடைத்துக்கொண்டு ஏழு யானைகள். வயலுக்குள்ளிருந்து வந்தவை, கால்களில் சேறு அப்பியிருந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கண்டக்டர் சிங்களத்தில் எதையோ சொல்ல, பஸ் மெல்லச் சிரித்தது. பக்கத்திலிருந்த அம்மா எனக்கு மொழிபெயர்த்தார்: அவங்க சாப்பிட்டு வீட்டுக்குப் போறாங்க, நாமதான் இன்னும் சாப்பிடல்ல. கடைசி யானை வாலை ஆட்டியபடி மறுபக்கக் காட்டுக்குள் இறங்கும்வரை என் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

றியாஸுக்கு ஐம்பது வயதிருக்கும். தகப்பனாரின் அதே அகன்ற நெற்றி. அவர் மனைவி பரீனா பக்கத்து மருதமுனையைச் சேர்ந்தவர், தையல்காரி. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள் இருந்தன. இடியப்பமும் மீன் ஆணமும் வைத்தார்கள். எங்கள் ஊரில் நாங்கள் சீலா மீன் என்பதை இங்கே அறுக்குளா என்கிறார்கள். குழம்பு, ஆணம் ஆகிவிடுகிறது. பெயர்தான் வேறு, புளிப்பு எங்கள் வீட்டுப் புளிப்பேதான். பிறகு சட்டியில் எருமைத் தயிர் வந்தது. கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர். அதன்மேல் பாணி என்ற வெல்லப்பாகை ஊற்றித் தந்தார் பரீனா. அந்த வீட்டில் சாப்பிட எனக்கு உரிமையில்லை என்று ஒவ்வொரு வாய்க்கும் தோன்றியது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் றியாஸ் தனியாகக் கடலுக்குப் போயிருந்தார். அவரைப் பார்க்கக் கரைக்கு நடந்தேன். தோணிகள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன. எங்கள் துறைமுகத்தில் படகு கரையைத் தொடுமுன் எங்கே பட்டது, எவ்வளவு பட்டது என்று நாலு பேர் கத்துவார்கள். இங்கே யாரும் எங்கே என்று கேட்கவில்லை. கரையில் நிற்பவர், வருகிறவரைப் பார்த்து, "கடல் எப்பிடி?" என்று மட்டும் கேட்கிறார். வருகிறவர் நீரோட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா, காற்று எப்படி என்று சொல்கிறார். அடுத்துப் போகிறவனுக்கு அதுதான் தேவை. இடத்தைக் கேட்பது மரியாதையில்லை. என்ன அழகான ஏற்பாடு என்று வியந்து நின்றேன்.

மீனவர்கள் தங்கும் வாடி என்ற ஓலைக்கொட்டகையின் முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு முதியவர் இருந்தார். எல்லோரும் ஹாஜியார் என்று அழைத்த மீராலெப்பை. கரைவலைச் சொந்தக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கவேண்டும். வந்த ஒவ்வொரு தோணியையும் அவர் அந்தக் கேள்வியால் வரவேற்றார்.

பிறகு றியாஸின் மஞ்சள் கயாக் அலைமேல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதில் பாரை மீன்குட்டி இரண்டு கிடந்தன. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "பேசின்ல போய் மீன் பிடிக்கிற ஒரே ஆள் நீதான் மச்சான். அடுத்தமுற சவக்காரத்தையும் கொண்டு போ, குளிச்சிட்டு வரலாம்" என்றார். சுற்றிலும் சிரிப்பு. றியாஸும் சிரித்தார். ஹாஜியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் தோணி என்பதால்தான் உங்களிடம் கடல் எப்படி என்று கேட்பதில்லையா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நாங்கள் அப்போது கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு வேலையைத் தொடங்கியிருந்தோம். றியாஸ் தன் கருவியின் பழைய காதைக் கயாக்கின் உட்பக்கத்தில் பசையால் ஒட்டியிருந்தார். பசைக்குள் காற்றுக் குமிழிகள் நின்றுவிட்டன. சத்தம் குமிழியில் முட்டித் திரும்பிவிடும், கடலை எட்டாது. அதனால்தான் இரண்டு முழத் தண்ணீரில் நூறு அடி என்று காட்டியிருக்கிறது. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நான் கொண்டுவந்ததை, தண்ணீர் வடிவதற்கென்று கயாக்கில் விட்டிருக்கும் துளைவழியாக அடிப்பக்கம் இறக்கிப் பூட்டினோம். இனி அது நேராகக் கடலில் நனைந்தபடி இருக்கும்.

றியாஸ் வயரைச் சீவியபடியே என் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"பகிடி விடுவாங்க சேர். கலியாணத்துக்குச் சொல்லுவாங்க, கந்தூரிக்குச் சொல்லுவாங்க. அத மட்டும் கேக்க மாட்டாங்க. வாப்பாவ மௌத்தாகும் வரைக்கும் கேக்கல்ல. இருவது வருஷம்."

ஏன் என்றேன். ஏன் என்று எனக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் தெரியாத ஒன்றை அவர் சொன்னார்.

"ஒரு இந்தியாக்காரன் வந்தானாம். வாப்பா அவனுக்குப் பாரைக் காட்டிக் குடுத்திட்டு, கூலியா ஒரு றேடியோ வாங்கினாராம். பாரை வித்த ஆள்ற வாய்ல கடலப் பத்திக் கேட்டு என்ன பிரயோசனம் எண்டு ஊர் விட்டுட்டு."

"உங்கள் வாப்பா என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. காட்டினது உண்மதானே."

அந்த ரேடியோவை நான்தான் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. தோணியில் என் சிறிய டிரான்சிஸ்டரில் பாட்டு ஒலித்தபோது, துடுப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பும் நாளில் கொடுத்தேன். இரண்டு முறை மறுத்தார். அவர் பார்க்காத நேரத்தில் தோணியின் முன்முனையான அணியத்தில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பயணத்தில் நான் சுத்தமான மனதோடு செய்த ஒரே காரியம் அதுதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதுவே அவர் கழுத்தில் விழுந்த கயிறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது மறுபடியும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு வயரின் அளவு, ஃபியூஸ் என்று பேசி நாளைக் கடத்தினேன்.

மூன்றாம் நாள் மீதி வேலை. உப்புத் தண்ணீர் எதையும் தின்னும். வயர் இணைப்பு ஒவ்வொன்றிலும் கிரீஸ் பூசி, மேலே சுருங்கும் ரப்பர் குழாய் மாட்டினோம். பேட்டரி, இறுக்க மூடும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போனது. தண்ணீர்க் குழாயை வெட்டித் தூண்டிற்கோல் நிறுத்த நான்கு தாங்கிகள் செய்தார் றியாஸ். துடுப்பு, குறடு, கத்தி, விசில் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கயிறு. கயாக் கவிழ்ந்தால் கட்டாதது கடலுக்குச் சொந்தம் என்றேன். பெரிய படகுகளின் கண்ணில் படுவதற்கு உயரமான கம்பில் ஒரு கொடி வேண்டும். பரீனா தன் பழைய ஆரஞ்சுத் துப்பட்டாவை வெட்டித் தைக்க உட்கார்ந்தார்.

பகல் சாப்பாடு முடிந்து, திரைக்கான தாங்கியை றியாஸ் முறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அந்த இந்தியாக்காரன் நான்தான்."

வாக்குக் கொடுத்தது, அச்சிட்டது, ரேடியோ, எழுதாத கடிதம் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். தையல் இயந்திரம் ஓய்ந்துவிட்டது. றியாஸ் நிமிரவில்லை. கையிலிருந்த திருகாணியை அதன் கடைசிச் சுற்றுவரை முறுக்கினார். திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு அசர் தொழப் போய்விட்டார்.

பரீனா கேட்டார்: "பேரப் போட்டீங்களா?"

"யார் பேரை?"

"மாமாட பேர. அந்தப் புத்தகத்துல."

"இல்லை. உள்ளூர் மீனவர் ஒருவர் என்று போட்டேன்."

"ஒருவர்" என்றார் பரீனா. பிறகு, "நான் கலியாணம் முடிச்சு வந்த காலத்துல மாமா அந்த றேடியோவ எறியவும் இல்ல, கேக்கவும் இல்ல. துணில சுத்தி வெச்சிருந்தார்" என்றார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் நின்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

றியாஸ் திரும்பி வந்து, நான் நின்ற இடத்திலேயே என் எதிரில் நின்றார்.

"அந்தப் பார் எங்களுக்கும் இல்ல சேர். வாப்பா எனக்குக் காட்டல்ல. வெட்கத்துல காட்டாமலே போயிட்டார். மத்தாக்கள் பழைய பள்ளிட மினாராவ அடையாளம் வெச்சுத்தான் இடத்தப் புடிச்சாங்க. கடல் வந்த வருஷம், சுனாமில, மினாரா போயிட்டு. தென்ன மரமும் போயிட்டு. இப்ப யாருக்கும் தெரியாது. உங்கட்ட அந்த இடத்துட நம்பர் இரிக்கா?"

அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிய பழைய குறிப்பேடு என் பெட்டியில் இருந்தது. அதைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான்.

"நாளைக்கு சுபஹு தொழுதிட்டுப் போவம். நீங்களும் வரணும்."

எனக்கு வயதாகிவிட்டது என்றேன். லைஃப் ஜாக்கெட் இரண்டு இருக்கிறது என்றார்.

நான்காம் நாள் விடியலில் முன் இருக்கையில் நான், பின்னால் றியாஸ். பெரிய ஆய்வுக் கப்பல்களில் போயிருக்கிறேன். கடலை அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை. தண்ணீர் என் இடுப்பளவில் மூச்சுவிட்டது. சூரியன் மேலே எழுந்தது போலவே இல்லை, எங்களுக்கு நேர் எதிரே ஒரு கதவு திறந்தது போலிருந்தது. ஒவ்வொரு அலையும் எங்களை ஏற்றி, பார்த்துவிட்டு, இறக்கிவிட்டது. எழுபத்து மூன்று வருட வாழ்க்கையில் என் படிப்பு எதற்கும் உதவாத ஒரு கால் மணி நேரம் அது. கைகூப்பத் தோன்றியது, துடுப்பைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

குறிப்பேட்டின் எண் காட்டிய இடத்துக்கு வந்தோம். திரையில் அடித்தரை சமமாக, வெறும் மணலாகக் கிடந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து வரைபடத்தின் கணக்கும் இன்றைய செயற்கைக்கோளின் கணக்கும் ஒன்றல்ல, ஒரே எண் சில நூறு அடி தள்ளி விழும். சொன்னேன். வயலை உழுவதுபோல் மேலும் கீழுமாகப் போய்வரத் தொடங்கினோம். ஒரு வரி, இன்னொரு வரி. ஆறாவது வரியில் திரையின் அடிக்கோடு நடுங்கியது. அப்புறம் எழுந்தது. ஆறடி ஒரு பாகம் என்ற கணக்கில் பன்னிரண்டு பாகம், பத்து, எட்டு, ஏழு. ஒரு கோட்டைச் சுவர்போல் எழுந்து நின்றது பார். அதன் தலைமேல் மீன்கள் வளைவு வளைவாக, இடமே இல்லாமல் அடுக்கி வைத்ததுபோல் நின்றன.

உடைந்துபோன கல்மேட்டைப் பார்ப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். சண்டைக் காலத்தில் பல வருடம் கரையைவிட்டு இவ்வளவு தூரம் யாரையும் போகவிடவில்லை. பிறகு அடையாளம் தொலைந்தது. மனிதர்கள் கைவிட்ட அந்த நாட்களில் அது தன்னைத் தானே கட்டிக்கொண்டுவிட்டது. நான் எதையும் சரிசெய்யவில்லை. நான் இல்லாததால் சரியானது.

றியாஸின் முதல் தூண்டிலிலேயே ஒரு கலவா ஏறியது. முழங்கை நீளம். பிறகு கருவி, இந்த இடத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. திரை அவருக்கும் எட்டும்படி நடுவில் பூட்டியிருந்தோம். பின்னாலிருந்து அவர் கை நீண்டு, வேண்டாம் என்பதை அழுத்தியது. நான் போட்டுக்கொடுத்த எண்ணையும் அழித்தது. பிறகு துடுப்பால் கயாக்கைத் திருப்பி, அதன் மூக்கை வெறுங்கடலுக்கு நேராக வைத்தார்.

"சேர், கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இரிங்க. திரும்பாதீங்க."

எனக்குப் புரிந்தது. அவர் கரையைப் பார்த்துத் தனக்கென்று அடையாளம் எடுத்துக்கொண்டிருந்தார். எந்தத் தண்ணீர்த் தாங்கி, எந்தக் கோபுரம், எந்த மினாரா எதோடு ஒட்டுகிறது என்று நான் பார்க்கக்கூடாது. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தோளுக்குப் பின்னால் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். முடிந்தது என்று அவர் சொல்லும்வரை, முடிவே இல்லாத அந்த நீலத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தேன்.

திரும்பும்போது கச்சான் எழுந்துவிட்டது. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் சூடான காற்று. இரண்டடி போனால் ஓரடி பின்னே தள்ளியது. என் தோள்கள் மரத்துப்போயின. றியாஸ் பின்னாலிருந்து, "இழுங்க சேர், இழுங்க" என்று ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கரையோர அலையில் கயாக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து பார்த்தால் துடுப்பு, பெட்டி, திரை, தூண்டிற்கோல், கலவா எல்லாம் கயிற்றில் பத்திரமாக இருந்தன. கட்டாமல் விட்டது என் மூக்குக்கண்ணாடி ஒன்றைத்தான். அது போய்விட்டது.

எனவே அதற்குப் பிறகு நடந்ததை நான் பெரும்பாலும் காதால்தான் அறிந்தேன். கயாக்கை மணலில் ஏற்றியதும், றியாஸ் என் முழங்கையைப் பிடித்து வாடியின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளையாக ஓர் உருவம் நாற்காலியில் தெரிந்தது.

"ஹாஜியார், இவர்தான் வாப்பாட இந்தியாக்காரன். ஒரு கத சொல்ல வந்திரிக்கார்."

உப்பு வடிய நின்று சொன்னேன். ஆதம்பாவா விற்கவில்லை. நான் கெஞ்சிக் கேட்டேன், நம்பிக் காட்டினார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அச்சில் போட்டேன். ரேடியோ கூலியில்லை. அவர் மறுத்தபிறகும் நானாக அவர் தோணியில் வைத்துவிட்டுப் போனது. இத்தனை காலம் வராமல் இருந்ததும் என் குற்றம்தான்.

சுற்றிலும் வலை பொத்தியவர்களின் பேச்சு நின்றுவிட்டது. ஹாஜியாரின் குரல் வந்தது.

"அந்த றேடியோல பாட்டுக் கேக்க நாங்க எல்லாரும் அவர்ர வீட்டதான் போவம். கேட்டிட்டு வந்துதான் அவரப் பத்திக் கதைச்சம்."

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்திருக்கவேண்டும். வெள்ளை உருவம் என்னைத் தாண்டி, றியாஸ் நின்ற பக்கம் நகர்ந்தது.

"கடல் எப்பிடி மனே?"

றியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லம் ஹாஜியார். தண்ணி தெளிவு. நீரோட்டம் வடக்கால இழுக்குது. கச்சான் வெள்ளனமா எழும்பிட்டு, போறாக்கள் கவனமாப் போகணும்."

"ஓம்" என்றார் ஹாஜியார். யாரோ நூல் எடுக்கச் சொன்னார்கள், யாரோ தேத்தண்ணி கேட்டார்கள், கரை மறுபடி பேசத் தொடங்கியது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று. கயாக்கின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மங்கலாக முன்னே ஆடிய ஆரஞ்சுக் கொடியைப் பார்த்து மணலில் நடந்தேன்.